ஏழு ஆண்டில் உடல் முழுதும் புதிதாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மனித உடலின் சிறப்புச் செல்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கிறது, நரம்பு செல் செய்தியைக் கடத்துகிறது, தசை செல் சுருங்கி விரிகிறது, கணையத்தின் பீட்டா செல் இன்சுலினைச் சுரக்கிறது என்று பெயரையும் வேலையையும் எதிரெதிரே நிறுத்திய பட்டியல் பள்ளி மாணவர்களுக்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால், 'நம் உடலிலுள்ள செல்கள் அனைத்தும் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலுமாகப் புதுப்பிக்கப்படுகின்றன' என்று கட்டுரையின் இறுதியில் எழுதப்பட்டிருப்பது உண்மைக்குப் புறம்பானது. பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால் கேட்டவுடன் நம்பத் தோன்றும் வாக்கியம் அது. என்றாலும், அதற்கு மேலே அச்சாகியிருக்கும் பட்டியலே அதை மறுத்துவிடுகிறது. ஒரு செல் எந்த வேலைக்காகத் தன்னை மாற்றிக்கொண்டதோ, அந்த வேலையே அது எத்தனை நாள் வாழும் என்பதையும், அது இறந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வருமா என்பதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மருத்துவ ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்கிக்கொள்ளும் உரிமை தங்களுடையது.

உடலின் எல்லாச் செல்களும் கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து பிரிந்து பெருகியவை. உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. அதில் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. இன்சுலினுக்கான மரபணு தோல் செல்லிலும் உண்டு, எலும்பு செல்லிலும் உண்டு. அங்கெல்லாம் அது அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே ஒரு செல் சிறப்புத் தன்மை பெறும்போது புதிதாக எதையும் சேர்த்துக்கொள்வதில்லை; இருப்பதில் பெரும்பகுதியை மூடிவிட்டு, தன் வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்து வைத்துக்கொள்கிறது. மூடப்பட்டவை அழிந்துபோவதில்லை என்பதை, 1962-இல் ஜான் கர்டன் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை, உட்கரு செயலிழக்கச் செய்யப்பட்ட தவளை முட்டையில் வைத்து வளர்த்துக் காட்டினார். 2006-இல் ஷின்யா யமனாகா நான்கே மரபணுக்களைச் செலுத்தி, முதிர்ந்த எலி செல்லைக் கருநிலைச் செல்லுக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார். 2012-இல் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதி என்ற இந்தப் பொது விதிக்கு முக்கியமான இரண்டு விலக்குகள் ரத்தத்திலேயே இருக்கின்றன என்பது கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி.

முதல் விலக்கு சிவப்பணு. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, உலரவிட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி, எண்ணெய்த் துளியிட்டு நூறு மடங்கு லென்ஸின் கீழ் வைத்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். தடவலின் தடித்த பக்கத்தில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மெலிந்த நுனியில் அவை வடிவம் கெட்டுத் தட்டையாகத் தெரியும். இரண்டுக்கும் இடையில், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் பகுதியில்தான் அவற்றின் உண்மையான உருவத்தைப் பார்க்க முடியும். இளஞ்சிவப்பு வட்டு, நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிறிய வட்டம், ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம். உள்ளே உட்கரு இல்லை. எலும்பு மஜ்ஜையை விட்டுப் புறப்படும் தறுவாயில் அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பின்னர், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் இழக்கிறது. அந்த இடம் முழுவதும் ஹீமோகுளோபினுக்கு; ஒரு செல்லில் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். உடல் முழுவதற்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இந்தச் செல் தன் சொந்தத் தேவைக்கு அதில் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துக் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் காலம் தள்ளுகிறது.

இதற்கு அது கொடுக்கும் விலை தெளிவானது. மரபணு இல்லாததால் பழுதான புரதத்துக்குப் பதிலாக ஒன்றைச் செய்துகொள்ள அதனால் முடியாது. தன் அகலத்தைவிடக் குறுகிய நுண்குழாய்களின் வழியே வளைந்து நெளிந்து சுமார் 120 நாள் ஓடியபின் சவ்வு விறைத்துப்போகிறது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அதை விழுங்கி, இரும்பைப் பிரித்து மஜ்ஜைக்கே திருப்பி அனுப்புகின்றன. இந்த இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை வினாடிக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்களை உருவாக்க வேண்டியிருக்கிறது. உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன என்றும், எண்ணிக்கையில் அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சிவப்பணுக்களே என்றும் 2016-இல் வெளியான கணக்கீடு ஒன்று சொல்கிறது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவதானால், நம் செல்களில் பெரும்பான்மை நான்கே மாதத்தில் மாறிவிடுகிறது. ஏழு ஆண்டு என்ற கணக்கு இங்கேயே ஒரு பக்கம் உடைந்துவிட்டது.

இந்த 120 நாள் வெறும் பாடப்புத்தகச் செய்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த சிவப்பணுவில் ஓரிரு நாள்வரை ஆர்என்ஏயின் எச்சம் நீல வலைபோலத் தெரியும்; ரெட்டிகுலோசைட் எனப்படும் இவை, நலமுள்ள ஒருவரின் ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி இருக்கும். நூற்றிருபது நாளில் எல்லாம் மாற வேண்டுமானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய அந்த அளவுதானே புதிதாக வர வேண்டும்! சர்க்கரை நோயாளிகள் அனைவரும் அறிந்த 'மூன்று மாதச் சர்க்கரை' பரிசோதனையும், அதாவது ஹெச்பிஏ1சி, இந்த ஆயுளை நம்பியே நிற்கிறது. ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் ஹீமோகுளோபினோடு மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு வாழும் காலமெல்லாம் அது கழன்று போவதில்லை. ஒட்டியிருக்கும் விழுக்காட்டைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அறிகிறோம். சிவப்பணுக்கள் வேகமாக அழியும் நோய் உள்ளவருக்கு இந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரும், ஏனெனில் அந்தச் செல்களுக்குச் சர்க்கரையில் ஊற நாள் போதவில்லை. பரிசோதனை முடிவைப் படிக்கும் மருத்துவர் செல்லின் ஆயுளையும் மனத்தில் கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

கட்டுரையின் பட்டியலில் தட்டணுவும் ஒரு செல்லாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அது மெகாகாரியோசைட் என்னும் பெரிய மஜ்ஜைச் செல்லிலிருந்து உடைந்து வரும் துண்டு. ஏழு முதல் பத்து நாள்வரை ரத்தத்தில் இருக்கும். இது சிறு குறைதான், பெரிதுபடுத்த விரும்பவில்லை.

இரண்டாவது விலக்கு லிம்போசைட் என்னும் வெள்ளையணு. வளரும் பருவத்தில் இது தன் மரபணுவின் சில துண்டுகளை வெட்டி நீக்கி, மிச்சத்தை வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு லிம்போசைட்டும் வெவ்வேறு அந்நியப் பொருளை அடையாளம் காணும் திறனைப் பெறுகிறது. சில நூறு மரபணுத் துண்டுகளைக் கொண்டே கோடிக்கணக்கான வகை எதிர்ப்பொருள்களை உடலால் உருவாக்க முடிவதன் காரணம் இதுவே. இதைக் கண்டறிந்த சுசுமு டொனேகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே ரத்தத் தடவலில் அருகருகே நிற்கும் வெள்ளையணுக்களின் ஆயுளை ஒப்பிட்டுப் பாருங்கள். உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்து தெரியும் நியூட்ரோபில், தொற்று ஏற்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிச்சென்று கிருமிகளை விழுங்கி, பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடும்; சீழ் என்று நாம் சொல்வது மிகுதியும் அவற்றின் உடல்களே. அதன் பக்கத்தில் அடர்நீல உட்கருவோடு அமைதியாகத் தெரியும் சிறு லிம்போசைட்டோ ஒரு நினைவுச் செல்லாக இருக்கக்கூடும். 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயில் தப்பிப் பிழைத்தவர்களிடம், சுமார் 90 ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. நினைவில் வைத்துக்கொள்வதையே வேலையாகக் கொண்ட செல் மரபு நீடித்திருக்கிறது. முன்னணியில் நின்று போரிடுவது மடிகிறது.

குடலின் உட்சுவர் செல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செரிமான நீர்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் நேர் எதிரே நிற்பதால் உணவை உறிஞ்சும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்துவிட, அடியிலுள்ள குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) புதியவற்றை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. மேல்தோலும் சில வாரங்களில் மாறிவிடுகிறது. எலும்பில் பழையதைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்டும் புதியதைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்டும் இடையறாது இயங்குவதால், வளர்ந்தவரின் எலும்பு மண்டலம் ஏறக்குறைய பத்து ஆண்டில் புதுக்கட்டுமானம் பெறுகிறது என்பர்.

இனி மறுபக்கம். உட்செவியில், நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் உயர வரிசையில் அடுக்கிய நுண்ணிய இழைகள். குட்டை இழையின் நுனியை அடுத்த நெட்டை இழையோடு ஒரு மெல்லிய புரத நூல் இணைத்திருக்கும். ஒலி அலை வந்து இழைக்கற்றை சாயும்போது அந்த நூல் இழுபட்டு, அயனிகள் நுழையும் வழி திறந்துகொள்கிறது. ஒலி மின்குறிப்பாக மாறுவது அந்த இடத்தில்தான். அசைவு நானோமீட்டர் அளவில் இருந்தாலும் போதும். இவ்வளவு நுட்பமான செல் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகிறது. பெருஞ்சத்தத்தாலோ, சில மருந்துகளாலோ, முதுமையாலோ ஒன்று அழிந்தால் மனிதருக்கு மாற்றாக இன்னொன்று முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கிறது என்பது 1980-களின் பிற்பகுதியில் தெரியவந்தது. பாலூட்டிகளில் அதைத் தூண்ட முடியுமா என்ற ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது. செவிகளில் இயர்போனைச் செருகிக்கொண்டு முழுச் சத்தத்தில் கேட்கும் ஓர் இளைஞர், ஏழு ஆண்டில் காது புதிதாகிவிடும் என்று தங்கள் கட்டுரையைப் படித்து நம்பினால் என்ன செய்வது?

கண்ணின் லென்ஸும் இப்படித்தான். ஒளியை மறைக்காதிருக்க வேண்டி அதன் இழைச் செல்கள் சிவப்பணுவைப் போலவே உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் கரைத்துவிடுகின்றன. ஆனால் அவை அகற்றப்படுவதில்லை. லென்ஸின் மையத்தில் உள்ள புரதங்கள் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானவை. பழுதுநீக்க வழியில்லாமல் அவை பல பத்தாண்டுகளில் சேதமுற்றுத் திரள்வதே முதுமையில் வரும் கண்புரைக்கு முக்கியக் காரணம்.

நரம்பு செல்களின் வயதை எப்படி அளந்தார்கள் என்பது தனியே சொல்லத் தக்கது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது. 1963-ஆம் ஆண்டு சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பின் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. தாவரங்களின் வழியே அது உணவிலும், உணவின் வழியே நம் டிஎன்ஏயிலும் சேர்ந்தது. ஒரு செல் கடைசியாகப் பிரிந்து உருவானபோது காற்றில் எந்த அளவு இருந்ததோ, அந்த அளவு அதன் டிஎன்ஏயில் முத்திரையாகப் பதிந்துவிடுகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரீசன் குழுவினர் இதைக் கொண்டு 2005 முதல் பல திசுக்களின் வயதைக் கணித்தனர். பெருமூளைப் புறணியின் நரம்பு செல்கள் அந்த மனிதரின் வயதையே கொண்டிருந்தன. இதயத் தசை செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும் மட்டுமே மாறுகின்றன என்றும், வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை என்றும் 2009-இல் அறிவித்தனர். மாரடைப்பில் இறந்த தசை, தசையாக மீளாமல் தழும்பாகவே எஞ்சுவதை இந்த எண்கள் விளக்குகின்றன. மூளையின் ஓரிரு இடங்களில் புதிய நரம்பு செல்கள் தோன்றுகின்றனவா என்ற விவாதம் அறிஞரிடையே உண்டு. அது முடிந்தாலும் 8,600 கோடி நரம்பு செல்களில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து நம்மோடு முடிபவை என்பதில் மாற்றமிராது. முதுகுத்தண்டிலிருந்து கால் வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழை நீட்டி, ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கி நிற்கும் செல் இரண்டாகப் பிரிந்தால் அந்த இணைப்புகள் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால், இது குறையாகத் தோன்றாது.

செல் நிலைத்திருந்து அதன் பாகங்கள் மட்டும் மாறுவதும் உண்டு. விழித்திரையின் குச்சி செல் ஒளியை உணரும் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்திருக்கிறது. அடியில் புதிய தட்டு சேரச்சேர நுனியில் பழையது கழன்று, பின்புறமுள்ள நிறமி செல்லால் விழுங்கப்படுகிறது. ஏறக்குறைய பத்து நாளில் அடுக்கு முழுவதும் புதிது. செல்லோ பழையது. ஆகவே 'சராசரியாக ஏழு ஆண்டு' என்று திருத்தி எழுதினாலும் பொருளிராது. ஐந்து நாளையும் எண்பது ஆண்டையும் கூட்டி வகுத்துக் கிடைக்கும் எண் எந்தச் செல்லின் ஆயுளையும் சொல்லாது.

பீட்டா செல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இன்சுலின் சுரக்கிறது' என்பது அதன் வேலையில் பாதிதான். சர்க்கரையை அளப்பது மறுபாதி. குளுக்கோஸ் உள்ளே நுழைந்து எரியும்போது ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு கூடுகிறது. அதனால் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. மின்னழுத்தம் மாறிக் கால்சியம் நுழைகிறது. சேமித்து வைத்த இன்சுலின் மணிகள் வெளியே கொட்டுகின்றன. பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் கண்ட கணையத் தீவுகளில், கணைய எடையில் ஓரிரு விழுக்காடே இருக்கும் இடத்தில், இந்த அளவீடு ஓயாமல் நடக்கிறது. வளர்ந்தவர்களிடம் இந்தச் செல்கள் மிக மெதுவாகவே பெருகும். முதல் வகைச் சர்க்கரை நோயில் உடலின் எதிர்ப்புச் செல்களே இவற்றை அழித்துவிடும்போது, வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசி தேவைப்படுவது அதனால்தான்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், அந்த ஒரு வாக்கியம் அறிவியல் பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதே. 'செல்களைப் புதுப்பிக்கும்' மாவுகளையும் மாத்திரைகளையும் விற்பவர்கள், மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை எதற்கும் குருத்தணு ஊசி என்று விளம்பரம் செய்பவர்கள் ஆகியோரின் பேச்சு அதே வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்கு மஜ்ஜையின் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்துவது நிறுவப்பட்ட சிகிச்சை. அதற்கு வழிவகுத்த டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இயல்பாகவே வாழ்நாள் முழுதும் புதுப்பித்துக்கொள்ளும் திசு என்பதால் ரத்தத்தில் அது சாத்தியமாயிற்று. தீக்காயத்துக்கு வளர்த்துப் பொருத்தும் தோலும், விழிவெண்படல ஓரச் செல்களைப் பொருத்தும் சிகிச்சையும் அதே வகையைச் சேர்ந்தவை. நரம்புக்கும் இதயத்துக்கும் உட்செவிக்கும் அதை அப்படியே நீட்டிப் பேசுபவரிடம், எந்தச் செல், எந்தச் சோதனை, என்ன முடிவு என்று நோயாளி கேட்க வேண்டும். கேட்பதற்கு வேண்டிய அடிப்படை அறிவைத் தருவது தங்கள் அறிவியல் பக்கத்தின் பணி.

உடலில் 'மொத்தம் 200 வகைச் செல்கள்' என்று கட்டுரையில் வரும் எண்ணும் நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தை வைத்து வகுத்த பழைய கணக்கு. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியே படித்து வகைப்படுத்தும் மனித செல் வரைபடத் திட்டம் 2016-இல் தொடங்கியது. 2023-இல் வெளியான மூளை ஆய்வுகளில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் பிரித்துக் காட்டப்பட்டன. எனவே அந்த எண்ணை 'குறைந்தது' என்ற சொல்லோடு அச்சிடுவதே பொருத்தம்.

மேற்கண்ட வாக்கியத்துக்குத் திருத்தக் குறிப்பு வெளியிடுமாறும், அதே பட்டியலை இன்னொரு முறை அச்சிடும்போது 'எவ்வளவு காலம் வாழும்', 'அழிந்தால் மாற்று வருமா' என்ற இரண்டு நிரல்களை அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தட்டணுவை நீக்க வேண்டியதில்லை. அதன் எதிரே 'செல் துண்டு' என்று குறித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வக நுட்பநர்